கழுகை விடுங்கள், நூலைப் பாருங்கள்!

பழைய ஜெர்மன் ராணுவத் தொப்பிகளில் அசல் எது, டூப்ளிகேட் எது? வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பழைய ஜெர்மன் ராணுவத் தொப்பி ஒன்று கைக்கு வந்தால், முதல் வேலையாக அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடியுங்கள். முன்னால் மினுங்கும் கழுகும் வெள்ளிக் கயிறும் பளபளக்கும் கறுப்பு விளிம்பும் விற்பவர் காட்ட நினைப்பவை. லைனிங், தோல்பட்டை, தையல், சின்னத்தைப் பிடித்திருக்கும் கம்பி முனைகள் ஆகியவை எல்லாம் உள்ளே இருக்கின்றன. இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று தொப்பியைத் தைத்தவர் விட்டுவைத்த இடம் அது. போலி செய்கிறவர் கோட்டை விடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

இந்தத் தொப்பிக்கு ஜெர்மனியில் ஷிர்ம்மூட்ஸே என்று பெயர். நம் ஊர் போலீஸ் அதிகாரிகள் அணியும் பீக் கேப்பின் சொந்தக்காரன்தான். மேலே அகன்ற வட்டத் துணி, நடுவில் வேறு நிறப் பட்டை, முன்னால் சரிந்த விளிம்பு. கெய்சர் என்ற பேரரசரின் காலம், அதன் பின் வந்த வைமர் குடியரசு, நாஜி ஆட்சி, பிறகு பிரிந்த இரண்டு ஜெர்மனிகள் என எல்லோரும் இதையே கொஞ்சம் கொஞ்சம் மாற்றி அணிந்தார்கள். ஆனால் சந்தையில் அடிதடி நடப்பது 1933 முதல் 1945 வரையிலான தொப்பிகளுக்குத்தான். போர் முடிந்து ஊர் திரும்பிய நேச நாட்டுச் சிப்பாய்கள் மூட்டையில் போட்டுக் கொண்டுபோனதும், ஜெர்மன் வீடுகளின் பரண்களில் தப்பிக் கிடந்ததும் அசல் சரக்கு. கேட்பவர்கள் பெருகினார்கள், சரக்கு பெருகவில்லை. போலி பிறந்தது.

சிக்கல் என்னவென்றால், 1960, 70-களில் செய்த போலிகளுக்கே இப்போது ஐம்பது, அறுபது வயது ஆகிறது. உண்மையான தூசி, உண்மையான அந்துப்பூச்சி ஓட்டை, உண்மையான வியர்வைக் கறை எல்லாம் அவற்றிலும் ஏறிவிட்டன. ‘பார்த்தாலே பழசு தெரியுதே’ என்ற பேச்சு இந்த வியாபாரத்தில் செல்லாது. ஒரு தொப்பியில் பத்துப் பன்னிரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது. அத்தனையும் ஒரே வருடத்தை ஒட்டிப் பேச வேண்டும். ஒன்று மட்டும் பத்து வருடம் தள்ளிப் பேசினால், தொப்பியின் வயது அந்தக் கடைக்குட்டியின் வயதுதான்.

ஆட்சி மாறினால் சின்னம் மாறும்

தோராயமான வயதைச் சொல்ல முன்பக்கமே போதும். ஜெர்மன் அரசியல் ஒவ்வொரு முறை புரண்டபோதும் தொப்பியின் நெற்றியில் ஏதோ ஒன்று மாறியது.

கெய்சர் காலத்துத் தரைப்படைத் தொப்பியில் முதலில் ஒரே ஒரு வட்டச் சின்னம்தான். அந்தந்த மாநிலத்தின் நிறங்கள்: பிரஷ்யாவுக்குக் கறுப்பு வெள்ளை, பவேரியாவுக்கு வெள்ளை நீலம், சாக்சனிக்கு வெள்ளை பச்சை. 1897 மார்ச் 22, பேரரசர் முதலாம் வில்ஹெல்மின் நூற்றாண்டுப் பிறந்தநாள். அதை ஒட்டி, பேரரசின் கறுப்பு-வெள்ளை-சிவப்பு வட்டத்தையும் எல்லோரும் சேர்த்து அணிய வேண்டும் என்று ஆணை வந்தது. அதன் பிறகு நெற்றியில் இரண்டு வட்டங்கள். 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன் கப்பலின் அதிகாரிகள் தலையில் இருந்ததும் இந்தக் கெய்சர் காலக் குடும்பத்துத் தொப்பிதான். கடற்படை என்பதால் கருநீலம்.

1918-ல் கெய்சர் போய், குடியரசு வந்தது. பொன்னிற நீள்வட்டத்தில் கறுப்புக் கழுகு ஏறியது. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில வாரங்களில் குடியரசின் சின்னம் போய், பழைய கறுப்பு-வெள்ளை-சிவப்பு திரும்பியது. 1934 பிப்ரவரியில் ஸ்வஸ்திகாவைப் பற்றிய கழுகு ராணுவத்துக்குள்ளும் நுழைந்தது. உத்தரவில் கையெழுத்திட்டவர் அதிபர் ஹிண்டன்பர்க். வட்டச் சின்னத்தைச் சுற்றிய ஓக் இலை வளையம் எல்லாச் சிப்பாய்களுக்கும் வந்தது 1930-களின் நடுவில்.

இந்த வரிசை தெரிந்தால் இன்னொரு சுவாரஸ்யம் பிடிபடும். ராணுவத்தில் அப்போது அதிகாரிகள் தொப்பியைச் சொந்தக் காசில் வாங்கினார்கள். ஆட்சி மாறியதற்காக நல்ல தொப்பியைத் தூக்கிப்போட யாருக்கு மனம் வரும்? பழைய சின்னத்தைப் பிடுங்கிவிட்டுப் புதியதைக் குத்திக்கொண்டார்கள். அதனால் 1920-களில் தைத்த தொப்பியில் 1934 கழுகு இருப்பது குற்றமல்ல. குத்திய துளைகளைப் பார்த்தால் கதை புரியும்: பழைய துளைகள் சற்றே மூடி, ஓரம் மழுங்கி, சுற்றிலும் நிறம் மங்கியிருக்கும், புதியவை கூர்மையாக இருக்கும். இரண்டு ஜோடித் துளைகள் கண்ட தொப்பியை ஒதுக்கிவிடும் புதியவர்கள் சில நல்ல சரக்கை இழக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நான்கு ஜோடி இருந்தால் வேறு கதை. 1945-க்குப் பிறகு ஸ்வஸ்திகா தடைசெய்யப்பட்டதால் கழுகைக் கழற்றிவிட்டு வெறும் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் ஏராளம். அந்த மொட்டைத் தொப்பிக்குப் பிற்பாடு வியாபாரி ஒருவர் கழுகு மாட்டியிருப்பார். தொப்பி அசல், கழுகும் அசலாக இருக்கலாம். இரண்டும் பிறவித் துணைகள் அல்ல, அவ்வளவுதான். நேர்மையான வியாபாரி அதைச் சொல்லி விலையைக் குறைப்பார்.

சின்னத்தின் உலோகமும் ஒரு கடிகாரம். நம் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் ஜெர்மன் சில்வர்தான் ஆரம்பக் காலக் கழுகுகளின் உலோகமும். கனமாக, லேசான மஞ்சள் சாயலில் மங்கும். 1930-களின் பின்பாதியில் எடை குறைந்த அலுமினியம் இடம்பிடித்தது. போர் இறுகியதும் துத்தநாகம் வந்தது. சாம்பல் பூத்து, மேல் பூச்சு உப்பி உதிரும். 1935 என்று சொல்லி விற்கும் தொப்பியில் துத்தநாகக் கழுகு உட்கார்ந்திருந்தால், ‘இது எப்போது ஏறியது?’ என்று கேட்டே ஆக வேண்டும்.

நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படை அணிந்த மண்டையோட்டுச் சின்னத்திலும் இப்படி ஒரு கோடு உண்டு. 1934 வரை பிரஷ்யக் குதிரைப்படையின் பழைய மாதிரி, கீழ்த்தாடை இல்லாதது. அதன் பின் தாடை சேர்ந்த புதிய வடிவம். உலகிலேயே அதிகமாகப் போலி செய்யப்படும் சின்னங்களில் இந்தச் சிறிய உலோகத் துண்டு ஒன்று.

பைப்பிங்கில் பணம்

தரைப்படைத் தொப்பியின் விளிம்புகளில் ஓடும் மெல்லிய பைப்பிங், அணிந்தவர் எந்தப் பிரிவு என்று சொல்லும். காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப் படைக்குச் சிவப்பு, குதிரைப்படைக்குத் தங்க மஞ்சள், டாங்கிப் படைக்கு ரோஜா நிறம், பொறியாளர்களுக்குக் கறுப்பு, போக்குவரத்துப் பிரிவுக்கு இளநீலம். ஜெனரல் என்றால் தங்க நிறம். சிப்பாய்க்கு முன்னால் கறுப்புத் தோல் வார். அதிகாரிக்கு அலுமினிய இழையில் முறுக்கிய வெள்ளிக் கயிறு.

காலாட்படைத் தொப்பி நிறையக் கிடைக்கும். டாங்கிப் படைத் தொப்பி அபூர்வம். துணியும் தையலும் ஒன்று; வித்தியாசம் அரைக்கால் அங்குல நிறக் கோடு மட்டும். அந்தக் கோட்டை மாற்றினால் விலை தாவும். பைப்பிங்கை மாற்ற வேண்டுமென்றால் பட்டையின் தையலைப் பிரித்தாக வேண்டும். பிரித்துத் தைத்த இடத்தில் பழைய ஊசித் துளைகள் அனாதையாக நிற்கும். பூதக்கண்ணாடி வைத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் போனால் சிக்கிவிடும். சாயம் ஏற்றி நிறம் மாற்றியிருந்தால் இன்னும் சுலபம். துணி மடிப்புக்குள், வெயில் படாத இடத்தில் அசல் நிறம் அப்படியே இருக்க வேண்டும், வெளியே மங்கியிருக்க வேண்டும். சாயம் போட்டவர் பெரும்பாலும் இதை நேர்மாறாகச் செய்துவைப்பார்.

கவிழ்த்தால் தெரியும் உலகம்

இப்போது உள்ளே வருவோம். ஒரு நல்ல அதிகாரித் தொப்பியின் உள்ளே பொன் நிறத்திலோ துரு நிறத்திலோ ரேயான் லைனிங். நடுவில் சாய்சதுர வடிவத்தில் ஒரு கண்ணாடி போன்ற தகடு; தலை எண்ணெய் படாமல் லைனிங்கைக் காக்க. அதன் அடியில் தயாரிப்பாளர் பெயர் பொன் எழுத்திலோ வெள்ளி எழுத்திலோ. அந்தத் தகடு செல்லுலாய்டு என்றால் விரலால் அழுத்தித் தேய்க்கும்போது மெல்லிய கற்பூர வாசம் வரும். செல்லுலாய்டு செய்யக் கற்பூரம் தேவை. எண்பது வருடத்தில் அது மஞ்சளாகி, விறைத்து, ஓரங்களில் வெடித்திருக்கும். வளைத்தால் வளைந்துகொடுக்கும் தெளிந்த பிளாஸ்டிக் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் வாசம் வந்துவிட்டது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். செல்லுலாய்டு போருக்குப் பிறகும் இருந்தது.

லைனிங்கைச் சுற்றி நெற்றியில் படும் தோல்பட்டை. சிறு துளைகள் வரிசையாக இட்டது. அதில் அளவு எண் இருக்கும். நம் செருப்பு அளவு போல அல்ல, தலைச் சுற்றளவு சென்டிமீட்டரில்: 56, 57, 58. உயர்ரகத் தொப்பியின் பட்டையில் ‘ஷ்டிர்ன்ட்ருக்ஃப்ராய்’ என்று அச்சிட்டிருக்கும். நெற்றியை அழுத்தாது என்ற விளம்பரம். கூடவே காப்புரிமைக் குறி. இந்தக் குறிதான் துப்பறிபவர்களின் செல்லம். ‘டி.ஆர்.பி.’ என்றால் ஜெர்மன் ரைக்கின் காப்புரிமை, 1945-க்கு முந்தைய உலகம். ‘டி.பி.பி.’ என்றால் மேற்கு ஜெர்மனியின் கூட்டாட்சிக் காப்புரிமை. 1949-க்கு முன் அப்படி ஒரு நாடே இல்லை. கூடவே எண் இருந்தால் காப்புரிமைப் பதிவேட்டில் அதற்கு ஆண்டு கிடைக்கும். தொப்பி அந்த ஆண்டுக்கு முன்னால் பிறந்திருக்க முடியாது.

தயாரிப்பாளர் முகவரியும் பேசும். பெர்லினின் எரெல் பெயர் தெரியாத சேகரிப்பாளர் இல்லை. அது ராபர்ட் லூப்ஷ்டைன் என்பவரின் பெயரெழுத்துகளை ஜெர்மன் மொழியில் உச்சரித்தால் வரும் ஒலி. அதற்கு ஈடாகப் பேசப்படுவது பேகூரோ: பேட்டர் க்யூப்பர், ரோன்ஸ்டார்ஃப். இந்த ரோன்ஸ்டார்ஃப் நாடா நெசவுக்குப் பேர்போன ஊர். 1929-ல் பக்கத்து ஊர்களோடு இணைக்கப்பட்டு, 1930-ல் அந்தப் புதிய நகரத்துக்கு வூப்பர்டால் என்று பெயர் வைத்தார்கள். ஆக, முகவரியில் ‘வூப்பர்டால்-ரோன்ஸ்டார்ஃப்’ என்று இருந்துவிட்டால், விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அது கெய்சர் காலத் தொப்பி ஆகாது. அதேபோல் ஊர்ப் பெயருக்கு முன்னால் நான்கு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1960-களிலோ அதற்குப் பிறகோ பிறந்தது. ஐந்து இலக்கம் என்றால் 1993-க்குப் பிந்தையது. சிரிக்காதீர்கள், இப்படியும் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிப்பாய்களுக்கு அரசு கொடுத்த தொப்பியில் வேலை இன்னும் எளிது. லைனிங்கில் கிடங்கின் முத்திரை மையில் இருக்கும்: ‘பி 37’ என்றால் பெர்லின் உடைக் கிடங்கு, 1937. எர்ஃபர்ட்டுக்கு ‘இ’, மியூனிக்குக்கு ‘எம்’. போரின் பிற்பகுதியில் தயாரிப்பாளர் பெயருக்குப் பதிலாக வெறும் தொழிற்சாலை எண் போட ஆரம்பித்தார்கள்.

ஒரு பொறி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாஜிக் கட்சியின் உடைகள், சின்னங்களின் தரத்தைக் கண்காணித்த மியூனிக் அலுவலகத்தின் சுருக்கம் ‘ஆர்.இசட்.எம்.’. எஸ்.ஏ., எஸ்.எஸ்., ஹிட்லர் இளைஞர் படை போன்ற கட்சி அமைப்புகளின் தொப்பிகளில் அதன் சீட்டு இருக்கும். ராணுவத் தொப்பிக்கு அந்த அலுவலகத்தோடு சம்பந்தமே இல்லை. ஆனாலும் ‘முத்திரை இருந்தால் மதிப்பு’ என்ற கணக்கில் தரைப்படைத் தொப்பிக்குள் அந்தச் சீட்டை ஒட்டிவைத்தவர்கள் உண்டு. போலியைக் காட்டிக்கொடுப்பது பல சமயம் அவசரம் அல்ல, அக்கறை!

நீல விளக்கு

கள்ள நோட்டு பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் அந்த நீல விளக்குதான் சேகரிப்பாளரின் ஆயுதமும். வெள்ளை நூலை, லைனிங்கை, பைப்பிங்கை இருட்டில் அதன் கீழ் காட்டினால், பளீரென்று நீல வெள்ளையாக எரிகிறதா என்று பார்ப்பார்கள். எரிந்தால் அதில் வெளுப்பூட்டி ரசாயனம் இருக்கிறது. துணியை ‘வெள்ளையை விட வெண்மை’ ஆக்கும் இந்த ரசாயனம் 1940-களில்தான் சந்தையில் கால் ஊன்றியது. சோப்புத் தூளில் பரவலாகக் கலந்தது போருக்குப் பிறகு.

புதியவர்கள் தவறு செய்வதும் இங்கேதான். எரிந்தால் போலி, எரியாவிட்டால் அசல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே முழு உண்மை அல்ல. அசல் தொப்பியை 1975-ல் யாரோ ஒரு பாட்டி சோப்புத் தூள் போட்டு அலசியிருந்தால் அதுவும் எரியும். வெளுப்பூட்டி இல்லாத நூலைத் தேடி வாங்கித் தைத்த போலி எரியவே எரியாது. தையல் மடிப்புக்குள் ஒரே ஒரு நூல் மட்டும் எரிந்தால்தான் அதற்குக் கனம் அதிகம்: அங்கே சோப்பு தனியாகப் போய் உட்காராது.

அடுத்தது நெருப்பு. உள்ளிருந்து தளர்ந்த ஓர் இழையை எடுத்துக் கொளுத்தினால், பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுத்த மணியாக உறையும். பாலியஸ்டர் இழையை இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கியது 1941-ல். கடை நூலாக வந்தது போருக்குப் பின். 1938 தொப்பியின் விளிம்பைத் தைத்த நூல் உருகினால் பேச்சு முடிந்தது. யாரோ பிற்பாடு பழுது பார்த்த தையலா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நம்மூரில் ‘நூலைப் போல சேலை’ என்பார்கள், தொப்பிக்கும் பொருந்துகிறது.

இவற்றையெல்லாம் தாண்டிய போலிகளைப் பிடிப்பது தேய்மானம். தலையில் போட்டுக் கழற்றிய தொப்பியில் தோல்பட்டையின் நெற்றிப் பகுதி கறுத்திருக்கும், பின்பகுதி குறைவாக. கழற்றும்போது விரல் பிடிக்கும் விளிம்பின் ஓரத்தில் பூச்சு உதிர்ந்திருக்கும். வெள்ளிக் கயிற்றைத் தூக்கிப் பார்த்தால் அதன் அடியில் பட்டையின் கரும்பச்சை மங்காமல் இருக்கும். பட்டை முழுக்கச் சீராகக் கறுத்திருந்தால் அது வியர்வை அல்ல, காபித் தண்ணீர். கசங்கிய தொப்பியில் புத்தம் புதிய தோல், அல்லது மின்னும் தொப்பியில் கந்தலான தோல்: இரண்டுமே கேள்விக்குரியவை.

ஒரு வகைத் தொப்பியில் மட்டும் இந்தக் கணக்கு எல்லாமே தடுமாறும். 1934-ல் வந்த அதிகாரிகளின் மென்மையான களத் தொப்பி. உள்ளே கம்பி கிடையாது, கயிறு கிடையாது, விளிம்பு மடங்கும் தோலால் ஆனது, சின்னம் உலோகத்துக்குப் பதில் நெய்த துணி. 1942-க்குப் பிறகு அணியக் கூடாது என்று விதி வந்தும் போர்முனை அதிகாரிகள் விடவில்லை. விலை அதிகம். ஆகவே சாதாரணத் தொப்பியின் கம்பியை உருவிவிட்டு, கசக்கி, ‘களத் தொப்பி’ ஆக்குவது ஒரு தனிக் குடிசைத் தொழிலாகவே நடக்கிறது. விளிம்பை மடக்கிப் பாருங்கள். மடங்காத கெட்டி வல்கனைஸ்டு ஃபைபர் என்றால் பிறவியில் அது வேறு தொப்பி. போலிகளுக்கு இன்னொரு மூலப்பொருள் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. 1956-ல் அமைந்த அந்த நாட்டு ராணுவம் பழைய வெட்டையே பெரும்பாலும் பின்பற்றியது. 1990-ல் நாடே கலைந்தபோது அதன் தொப்பிகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. கழுகு ஒன்றைக் குத்தினால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குப் போதும்.

சின்னம் விற்கிறது

ஜெர்மனியில் ஸ்வஸ்திகாச் சின்னத்தைப் பொதுவெளியில் காட்டுவது குற்றவியல் சட்டத்தின் 86-ஏ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கல்வி, ஆய்வு, வரலாறு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் அங்கே ஏலப் பட்டியல் படங்களில் ஸ்வஸ்திகாவை மறைத்திருப்பார்கள். இபே 2001-லேயே நாஜிப் பொருள்களை விலக்கியது. ஆனாலும் வியாபாரம் நின்றுவிடவில்லை.

ஒன்று உறுத்துகிறது. மருத்துவப் பிரிவுத் தொப்பியும் எஸ்.எஸ். தொப்பியும் அதே ஊசி, அதே கம்பளி. ஆனால் யார் அதிகம் கொன்றார்களோ அவர்கள் சின்னத்துக்கே விலை அதிகம். வரலாற்று ஆர்வம் என்ற சொல்லால் இதை முழுவதும் விளக்கிவிட முடியாது. 2019 நவம்பரில் மியூனிக் பக்கத்தில் நடந்த ஏலத்தில் ஹிட்லரின் மடக்கு டாப் ஹேட் ஐம்பதாயிரம் யூரோவுக்குப் போனது. எடுத்தவர் லெபனானில் பிறந்த தொழிலதிபர் அப்தல்லா ஷாத்திலா. நாஜி அபிமானிகள் கையில் சிக்கக் கூடாது என்றே வாங்கினேன் என்று சொல்லி, எடுத்த எல்லாவற்றையும் இஸ்ரேலிய நிதி அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்தார்.

கடிதத்தோடு வரும் தொப்பி

கடைசியில் மிச்சம் இருப்பது கதை. ‘இது சாதாரணத் தொப்பி இல்லை சார், இன்னாருடையது.’ கடற்படையின் வெள்ளை மேல்துணித் தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் எந்த அதிகாரியும் அணியலாம். ஆனால் நீர்மூழ்கிக் கப்பலில் தளபதி மட்டுமே வெள்ளை அணிவது வழக்கம். விளைவு, சந்தைக்கு வரும் வெள்ளைத் தொப்பிகள் பலவற்றுக்கும் ஒரு நீர்மூழ்கித் தளபதி சொந்தக்காரர் ஆகிவிடுகிறார். 1944-ல் அமெரிக்க ராணுவம், சிப்பாய்கள் கைப்பற்றிய பொருளை வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சான்றிதழ் வேண்டும் என்று விதித்தது. அந்தத் தாள் இருந்தால் நல்லதுதான். ஆனால் தாளைத் தொப்பியை விட எளிதாகப் போலி செய்யலாம்.

அதைச் செய்து காட்டியவர் ஷ்டுட்கார்ட்டின் கொன்ராட் குயாவ். 1970-களில் கிழக்கு ஜெர்மனியிலிருந்து பழைய ராணுவப் பொருள்களைக் கடத்திவந்து விற்றுக்கொண்டிருந்தார். வெறும் பொருளை விற்றால் சில மார்க். கூட ஒரு கடிதம் இருந்தால் பல மடங்கு. முதல் உலகப் போர் காலத்துச் சாதாரணத் தலைக்கவசம் ஒன்றோடு, ‘இதை அணிந்தவர் ஹிட்லர்’ என்று ஹிட்லரின் துணைத் தலைவராக இருந்த ருடால்ஃப் ஹெஸ் பெயரில் ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார். தலைக்கவசம் அசல், குறிப்பு அவர் கையெழுத்து. கையெழுத்து நன்றாகவே வந்ததால் அப்புறம் அறுபதுக்கும் மேற்பட்ட ‘ஹிட்லர் டைரி’களையே எழுதினார். ஷ்டெர்ன் பத்திரிகை 93 லட்சம் மார்க் கொடுத்து, 1983 ஏப்ரலில் உலகுக்கு அறிவித்தது. மே 6-ம் தேதி ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் முடிவைச் சொன்னது. காகிதத்தில் போருக்குப் பிந்தைய வெளுப்பூட்டி. பைண்டிங்கில் பாலியஸ்டர் நூல். நீல விளக்கிலும் நெருப்பிலும் தொப்பிக்காரர்கள் பார்க்கிற அதே இரண்டு விஷயங்கள்.

நான்கரை ஆண்டுத் தண்டனை பெற்று, மூன்று ஆண்டில் வெளியே வந்த குயாவ், ஷ்டுட்கார்ட்டில் கடை போட்டு ‘அசல் குயாவ் போலிகள்’ என்று தன் பெயரிலேயே ஓவியங்களை விற்றார். நல்ல விற்பனை. 2000-ல் இறந்தார். 2010-ல் அவர் உறவினர் ஒருவருக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது: ஆசியாவில் மலிவாக வரைந்த நகல் ஓவியங்களை வாங்கி, குயாவ் கையெழுத்தைப் போலியாகப் போட்டு, ‘அசல் குயாவ் போலி’ என்று விற்றதற்காக.